திருத்தி எடுத்த மறுவாரமே நிற்கும் வாகனம்: நட்டம் யாருடைய தலையில்?

கிட்டத்தட்ட ஐந்து வருடங்கள் மூடிக் கிடந்த வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து வாகனம் பற்றி ஊடகங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் புதிய வாகனத்தின் விலை, அதன் மீதான வரி, டொலர் கையிருப்பு ஆகியவற்றைச் சுற்றியே இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு எங்கோ தூரத்தில் நடப்பது. புதிய வாகனம் அவர்களுடைய கணக்கிலேயே இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் பழைய முச்சக்கரவண்டியை, பட்டா வாகனத்தை, லான்ட்மாஸ்டரை, மோட்டார் சைக்கிளை இன்னும் இரண்டு மூன்று வருடங்களுக்கு எப்படி ஓட வைப்பது என்பதே அவர்களுடைய கேள்வி.

ஓட வைப்பது என்றால் திருத்துவது. இங்கேதான் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் இருக்கிறது. வாகனத்தைக் கராஜில் விட்டு, மூன்று நான்கு நாள் காத்திருந்து, கேட்ட காசைக் கொடுத்து எடுத்து வருகிறோம். ஒரு கிழமை போவதற்குள் வாகனம் திரும்பவும் வழியில் நிற்கிறது. மீண்டும் அதே கராஜுக்குப் போனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, "அண்ணை, அது நாங்கள் செய்த வேலை இல்லை, இது வேற பிழை". மற்றது, "இப்ப வாற சாமான் எல்லாம் இப்பிடித்தான்". இரண்டு பதிலுமே உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். வாகனச் சொந்தக்காரருக்கு அதைப் பிரித்தறிய வழி இல்லை. அவர் இரண்டாம் முறையும் காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

இதை "மெக்கானிக் ஏமாற்றிவிட்டார்" என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் பிரச்சினை ஒரு தனிமனிதரின் நேர்மையோடு முடிவதில்லை. என்ன பிழை என்று சொல்லப்பட்டது, எந்தச் சாமான் மாற்றப்பட்டது, எத்தனை நாளுக்குப் பொறுப்பு என்பதெல்லாம் எங்கும் எழுதப்படாமல் போவதே இதன் மையம். எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் நட்டம் எப்போதும் பலம் குறைந்தவர் பக்கமே சாய்கிறது.

பழைய வாகனம், விலை கூடிய சாமான்

2020 மார்ச்சில், கொரோனாவோடு வந்த அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணம் காட்டி அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த வருட ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலரின் பெறுமதி, சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை போனது. பின்னர் அது 300 ரூபா அளவுக்கு இறங்கியபோதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 10 டொலர் பெறுமதியான ஓர் உதிரிப்பாகம் நாட்டுக்குள் வரும்போதே 2,000 ரூபாவிலிருந்து 3,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் வரிகளும் இலாபமும் சேர்கின்றன. 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த வற் வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாகியது.

இதன் விளைவு எளிமையானது. வாகனங்களுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. 2015இல் வாங்கிய முச்சக்கரவண்டி பத்து வருடங்களைக் கடந்துவிட்டது. அதை விற்றுவிட்டு வேறொன்று எடுப்போம் என்றால், இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே முன்பு மாற்ற வேண்டிய பாகத்தைத் திருத்துகிறோம். புதிதாகப் போட வேண்டிய இடத்தில் பழையதைக் கழற்றிப் போடுகிறோம். ஒறிஜினல் வாங்க வேண்டிய இடத்தில் அதன் கால்வாசி விலைக்கு வரும் டூப்ளிகேட்டை வாங்குகிறோம். திருத்திய வாகனம் திரும்பவும் நிற்பதற்கான காரணங்களில் பாதி, அது கராஜுக்குள் போவதற்கு முன்னரே உருவாகிவிடுகிறது.

ஒரு முச்சக்கரவண்டியின் கணக்கு

இரண்டாவது பழுதின் உண்மையான செலவைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டி ஒன்று. எரிபொருள் போக ஒரு நாளில் 3,000 ரூபா கையில் மிஞ்சுகிறது, மாதத் தவணை 24,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வண்டி கராஜில் நான்கு நாள் நிற்கிறது. சாமானும் கூலியும் 18,000 ரூபா. இழந்த உழைப்பு 12,000 ரூபா. ஒரு கிழமையில் அது திரும்பவும் நிற்கிறது. இம்முறை மூன்று நாள். கராஜுக்கு 10,000 ரூபா, இழந்த உழைப்பு 9,000 ரூபா. மொத்தம் 49,000 ரூபா. அதாவது இரண்டு மாதத் தவணையைவிடச் சற்று அதிகம்.

கராஜில் கொடுத்த காசு 28,000 ரூபாதான். மீதி 21,000 ரூபா எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது. ஆனால் லீசிங் கம்பனிக்குத் தவணை வரும் திகதி மாறுவதில்லை. போர் முடிந்தபின் லீசிங் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்குக்குள் எவ்வளவு வேகமாக வந்தன என்பதும், கடன் பல வீடுகளை என்ன செய்தது என்பதும் நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கும் சங்கிலியின் முதல் கண்ணி பல இடங்களில் இப்படியான எதிர்பாராத ஒரு செலவுதான்.

இதே கணக்கை வேறு இடங்களிலும் போட்டுப் பார்க்கலாம். கிளிநொச்சியில் காலபோக விதைப்பு நேரத்தில் உழவு இயந்திரம் நின்றால் இழப்பது மூன்று நாள் கூலியை அல்ல, மழையோடு ஒத்துப்போக வேண்டிய விதைப்புக் காலத்தை. விடியற்காலையில் கரையில் மீனை ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போகும் வியாபாரியின் மோட்டார் சைக்கிள் நின்றால், பெட்டியில் இருக்கும் மீன் மதியம்வரை காத்திருக்காது. பஸ் குறைந்த முல்லைத்தீவு, மன்னார் கிராமங்களில் கிளினிக்குக்குப் போவதும் பிள்ளை ரியூசனுக்குப் போவதும் ஊரில் உள்ள ஓரிரு முச்சக்கரவண்டிகளை நம்பியே நடக்கின்றன. போரில் காலை இழந்தவருக்கு வாகனம் என்பது நடமாட்டமே. அவருக்கு இரண்டாவது பழுது என்றால் மீண்டும் வீட்டுக்குள் முடங்குவது.

மூன்று வகையான 'திரும்பவும்'

திருத்திய வாகனம் சில நாட்களில் திரும்பவும் பழுதடைவதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். யார் பொறுப்பு என்பது இந்தப் பிரிவில்தான் தங்கியிருக்கிறது.

முதலாவது, உண்மையான பிழை கண்டுபிடிக்கப்படாமல் அதன் அறிகுறி மட்டும் திருத்தப்படுவது. பற்றரி இறங்குகிறது என்று புதிய பற்றரி போடுகிறார்கள். ஆனால் பற்றரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேற்றர் வேலை செய்யவில்லை என்றால் புதிய பற்றரியும் சில நாட்களில் இறங்கிவிடும். என்ஜின் ஓடும்போது பற்றரியின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 14 வோல்ற் காட்ட வேண்டும். மல்ரிமீற்றர் ஒன்றை வைத்து அரை நிமிடத்தில் பார்க்கக்கூடிய விடயம் இது. பார்க்காமல் விட்டதால் பல ஆயிரம் ரூபா போகிறது. என்ஜின் சூடாவதும் இப்படித்தான். வெடித்த ஹோஸை மாற்றிவிட்டு, அடைத்துப்போன ரேடியேற்றரை அப்படியே விட்டால் அடுத்த ஹோஸும் வெடிக்கும். ஹெட் கெஸ்கட் போனபின், சூட்டினால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்துச் சமப்படுத்தாமல் புதிய கெஸ்கட்டைப் போட்டால் அதுவும் நீண்ட நாள் நிற்காது.

இரண்டாவது, திருத்தத்தினாலேயே உருவாகும் பிழை. ரேடியேற்றர் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்று அடைபட்டால், அதுவரை சூடாகாத என்ஜின்கூடச் சூடாகும். பிரேக் வேலை செய்தபின் குழாயில் காற்றுத் தங்கினால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். ரயர் மாற்றியபின் நட்டுகளைச் சரியாக இறுக்காவிட்டால் சில்லு ஆடத் தொடங்கும். அதனால்தான் சில்லைக் கழற்றிப் பூட்டியபின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். கழற்றிய வயரைத் திரும்பக் கொழுவாமல் விடுவது, ஒயில் அடைப்பை இறுக்காமல் விடுவது எல்லாம் இந்த வகைதான். இங்கே பொறுப்பு தெளிவாகக் கராஜினுடையது.

மூன்றாவது, உண்மையிலேயே வேறு பிழை. பத்து வருடம் ஓடிய வாகனத்தில் ஒரே வயதுடைய நூறு பாகங்கள் இருக்கின்றன. ஒன்றை மாற்றினால் அடுத்தது போகும். இதற்கு நல்ல உதாரணம் ஹைபிரிட் கார்களின் பெரிய பற்றரி. இலங்கையில் அதிகம் ஓடும் டொயோட்டா பிரியஸ் காரின் பற்றரிக்குள் 28 தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று பழுதானால் முழுவதையும் மாற்றாமல் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது செலவு குறைந்த வழி. ஆனால் மீதி 27உம் அதே வயது. சில மாதங்களில் இன்னொன்று போவது எதிர்பார்க்க வேண்டிய விடயம். இதில் மெக்கானிக் தவறு செய்யவில்லை. "இது தற்காலிகம், அடுத்ததும் போகலாம்" என்று முன்கூட்டியே சொல்லாமல் விட்டால்தான் அது தவறு.

முதல் இரண்டு வகையிலும் கராஜ் பொறுப்பேற்க வேண்டும். மூன்றாவதில் சொந்தக்காரர் ஏற்க வேண்டும். ஆனால் எது எந்த வகை என்பதைக் காட்டும் ஆதாரம் இல்லாததால், எல்லாமே மூன்றாவது வகையாக்கப்பட்டுவிடுகின்றன.

தடைக்காலம் தந்த திறமையும் அதன் எல்லையும்

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதற்கு முன்னர், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்குக்கு வருவது தடுக்கப்பட்டிருந்தது. அப்போது வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய மோட்டார் சைக்கிள்களையும் ஒஸ்ரின் கார்களையும் நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே பலர். இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். ஒரு வாகனத்தின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தினார்கள். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் இடம்பெயர்ந்த சனத்தை ஏற்றவும் வாகனம் ஓடியது என்றால் அதற்குப் பின்னால் அந்தக் கைகள் இருந்தன.

அந்தக் காலத்தின் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு இது ஓடுமா? நாளைக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கான நிலைமையும் இருக்கவில்லை. அந்தத் திறமை குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறியது. அதோடு சேர்ந்து, எதையும் எழுதி வைக்காத வழக்கமும் கைமாறியது. இன்றைய வாகனமோ வேறு. எரிபொருள் தெளிப்பையும் தீப்பொறியையும் கணினி கட்டுப்படுத்துகிறது. ஸ்கானர் இல்லாமல் காது கொடுத்துக் கேட்டு மட்டும் பிழையைப் பிடிக்க முடியாத நிலைக்கு அது வந்துவிட்டது. ஸ்கானர் வைத்திருக்கும் கராஜ்களிலும், அது காட்டும் குறியீட்டை வாசித்து உடனே அந்தப் பாகத்தை மாற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. குறியீடு காட்டுவது தேடத் தொடங்க வேண்டிய இடத்தை. பிழை அந்தப் பாகத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அதற்குப் போகும் வயரிலும் இருக்கலாம்.

மெக்கானிக்கின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பிழையைத் தேடிக் கண்டுபிடிக்க எடுத்த அரை நாளுக்கு இங்கே யாரும் கூலி கொடுப்பதில்லை. மாற்றிய சாமானுக்குத்தான் காசு கொடுக்கிறோம். ஆகவே தேடுவதைவிட மாற்றுவது அவருக்கு இலாபம். ரேடியேற்றரையும் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது, "இப்போதைக்கு ஹோஸை மட்டும் மாத்திவிடுங்கோ" என்று கேட்பவர்கள் நாம்தான். சில வேளைகளில் மலிவான சாமானை நாமே வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறோம். அது ஒரு மாதத்தில் போனால் அவரைத் திட்டுகிறோம். அவர் தன்னுடைய எச்சரிக்கையை எழுதி வைத்திருந்தால், அந்தக் கடதாசி அவரையும் காப்பாற்றியிருக்கும்.

சட்டம் இருக்கிறது, சனத்துக்குத் தெரியாது

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமானது அல்ல. சேவைகளும் அதற்குள் அடங்கும். ஒரு சேவையை வழங்குபவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், அதற்குப் பயன்படுத்தும் பொருட்கள் அந்தத் தேவைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் எழுதாவிட்டாலும் இருப்பதாகவே அந்தச் சட்டம் கொள்கிறது. வாகனத் திருத்தமும் ஒரு சேவை. ஆகவே "நாங்கள் கரண்டி குடுக்கிறேல்லை" என்று சொல்வதோடு கராஜின் பொறுப்பு முடிந்துவிடாது.

உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருளோ சேவையோ இருந்தால் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரித்தபின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் ஒரு காலக்கெடு இருக்கிறது. பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போக வேண்டும். "அடுத்த கிழமை பாப்பம்", "தெரிஞ்ச ஆள்தானே" என்று நாம் கடத்தும் நாட்கள் இந்த மூன்று மாதத்துக்குள்ளேயே கழிகின்றன. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டிய கடமையும் பொருள் விற்கும் வர்த்தகருக்கு உண்டு. உதிரிப்பாகக் கடைக்கும் இது பொருந்தும்.

அதிகார சபையின் துரித இலக்கம் 1977. ஆனால் சபை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அரிசி விலைச் சோதனையும் காலாவதியான பிஸ்கற் பக்கற்றும்தான். திருத்த வேலை பற்றியும் அங்கே முறையிடலாம் என்பது சனத்துக்குச் சொல்லப்பட்டதில்லை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவதில் தயங்க ஒன்றுமில்லை. இன்னொரு வழி, ஊரில் இணக்கசபை என்று அழைக்கப்படும் மத்தியஸ்த சபை. சட்டத்தரணி இல்லாமல், பெரிய செலவில்லாமல் சிறிய தொகைப் பிணக்குகளைப் பேசித் தீர்க்க 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்குவது அது. நாளைக்கும் அதே கராஜுக்குப் போக வேண்டிய சிறிய ஊரில், சண்டை பிடிக்காமல் தீர்வு தேடுவோருக்கு இதுவே பொருத்தமான இடமாக இருக்கலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

ஒரு துண்டுக் கடதாசி

கடதாசியின் பெறுமதி தெரியாத சமூகம் அல்ல நாம். காணி உறுதி, பிறப்பத்தாட்சி, குடும்ப அட்டை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை பற்றிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி என்று எத்தனையோ கடதாசிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்தவர்கள் நாம். கடதாசி இல்லாதவரின் உரிமை எவ்வளவு சுலபமாக மறுக்கப்படும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள். ஆனாலும் பல இலட்சம் ரூபா பெறுமதியான, குடும்பமே நம்பியிருக்கும் ஒரு வாகனத்தை வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிட்டு வருகிறோம்.

தேவைப்படுவது பெரிய ஆவணம் அல்ல. கொப்பித் தாள் ஒன்றில் ஐந்து விடயங்கள் போதும்: திகதியும் வாகனத்தின் கிலோமீற்றர் அளவும், நாம் சொன்ன பிழை, கராஜ் கண்டுபிடித்த பிழை, மாற்றிய சாமானும் அது புதியதா, பழையதா, ஒறிஜினலா என்பதும், அந்த வேலைக்கு எத்தனை நாள் பொறுப்பு என்பது. செய்ய வேண்டும் என்று மெக்கானிக் சொல்லி நாம் வேண்டாம் என்று விட்ட வேலை இருந்தால் அதையும் எழுத வேண்டும். கையொப்பம் கேட்கத் தயக்கமாக இருந்தால், இதே விடயங்களை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்ற ஒரு பதிலைப் பெற்றாலும் அது ஒரு பதிவு. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குவது நல்லது. மாற்றியதாகச் சொன்னது மாற்றப்பட்டதா என்பதற்கு அதுவே சாட்சி.

வாகனத்தை எடுக்கும்போது மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு சில கிலோமீற்றர் ஓடிப் பார்க்க வேண்டும். சூடாகும் பிழை என்றால் என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட வேண்டும். வாசலில் ஸ்ராட் செய்து காட்டுவது சோதனை ஆகாது.

திரும்பவும் நின்றுவிட்டால் செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. எப்படியாவது வீடுவரை கொண்டுபோவோம் என்று ஓட்டக் கூடாது. சூடான என்ஜினை இன்னும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டினால், ஹோஸில் முடிய வேண்டிய செலவு என்ஜின் வேலையாகிவிடும். அதன்பின் யாருடைய பிழை என்று நிறுவவும் முடியாது. பிரேக்கில் சந்தேகம் என்றால் ஓட்டவே கூடாது. நின்ற இடத்திலேயே சூட்டுமானியையும் எச்சரிக்கை விளக்கையும் ஒழுகும் இடத்தையும் கைபேசியில் படம் எடுத்துவிட்டு, முதலில் வேலை செய்த கராஜுக்கே அழைப்பு எடுக்க வேண்டும். கோபத்தில் வேறொரு கராஜில் கொடுத்துக் கழற்றிவிட்டால், "அவங்கள் கை வைச்சதாலதான் பிழை" என்று சொல்ல முதல் கராஜுக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். இரண்டாவது அபிப்பிராயம் தேவை என்றால், கழற்றாமல் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம்.

கடதாசி கேட்பதில் எல்லோருக்கும் ஒரே பலம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வடக்கில் பல்லாயிரம். கணவரின் முச்சக்கரவண்டியை வாடகைக்குக் கொடுத்தோ, ஸ்கூட்டியில் வேலைக்குப் போயோ குடும்பம் நடத்தும் பெண் கராஜுக்குப் போகும்போது, "ஆம்பிளை ஆர் இருக்கினம், அவையளை வரச்சொல்லுங்கோ" என்ற வார்த்தையைக் கேட்க நேர்கிறது. பிழை என்ன என்பதே அவருக்கு விளக்கப்படுவதில்லை. எழுதிக் கொடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டால், கேட்கத் துணிந்தவருக்கு மட்டும் அல்லாமல் எல்லோருக்கும் அது கிடைக்கும்.

தனிநபர் கவனம் மட்டும் போதாது

ஆகவே இதை வாடிக்கையாளரின் எச்சரிக்கையோடு மட்டும் விட்டுவிட முடியாது. முச்சக்கரவண்டிச் சங்கங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. தரிப்பிடப் பிரச்சினைக்கும் கட்டணப் பிரச்சினைக்கும் கூடும் சங்கம், தமது உறுப்பினர்கள் போகும் கராஜ்களோடு பேசி ஒரு பொதுவான வேலைத் துண்டையும் முப்பது நாள் பொறுப்பையும் உடன்பட வைக்க முடியும். நாற்பது வண்டிகள் சேர்ந்து கேட்டால் எந்தக் கராஜும் மறுக்காது. ஒருவர் தனியாகக் கேட்டால் அது சந்தேகமாகத் தெரியும். எல்லோரும் கேட்டால் அது நடைமுறையாகும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனத் தொழில்நுட்பத்தில் இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறது. அங்கு முழுநேரம் படிக்க முடியாத, இருபது வருட அனுபவமுள்ள கராஜ்காரர்களுக்கும் மாலை நேரக் குறுகிய பயிற்சிகள் தேவை. மின்சுற்றுச் சோதனை, ஸ்கானர் தரவுகளை வாசித்தல், ஹைபிரிட் பாதுகாப்பு ஆகியவற்றோடு பதிவேடு பேணுவதும் அதில் சேர வேண்டும். அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டில் ஏற்கெனவே உண்டு. தடைக்காலத்தில் கற்றவர்களுடைய திறமையை அங்கீகரிக்கும் வழி அது. அவர்களை ஒதுக்கிவிட்டுத் தரம் உயராது.

லீசிங் நிறுவனங்களும் கேட்கப்பட வேண்டியவை. வாகனம் கராஜில் நிற்பதற்குக் கராஜின் பதிவு இருந்தால், அந்தக் காலத்துக்குத் தண்ட வட்டி அறவிடாமல் விடுவது அவற்றுக்குப் பெரிய இழப்பல்ல. அதிகார சபை தன் பங்குக்கு, உதிரிப்பாகம் விற்போர் எது ஒறிஜினல், எது அல்ல என்பதைப் பற்றுச்சீட்டில் குறிப்பிட வேண்டும் என்ற ஒழுங்கைக் கொண்டுவரலாம். வடக்கு, கிழக்கு மாவட்டங்களில் தமிழில் அறிவிப்புச் செய்யலாம்.

இறுதியாக, இது காசுப் பிரச்சினை மட்டும் அல்ல. 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் கவிழ்ந்து 20இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபின், வீதிப் பாதுகாப்புப் பற்றி நாட்டில் நிறையப் பேசப்பட்டது. சாரதியின் தூக்கம், வேகம், ஆசனப்பட்டி என்று பேச்சுப் போனது. எல்லாம் தேவையானவை. ஆனால் தனிப்பட்ட பாவனையில் உள்ள காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நாம் வருடாவருடம் செய்யும் புகைப் பரிசோதனை, புகையை மட்டுமே பார்க்கிறது. அதன் பிரேக்கையும் சில்லையும் கடைசியாகப் பார்த்தவர் கராஜில் இருக்கும் மெக்கானிக்தான். அவர் செய்த வேலை சரியா என்று பார்ப்பதற்கு அவருக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை. ஏ9 வீதியில் இரவில் கொழும்புக்குப் போகும் வானும், காலையில் பத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் முச்சக்கரவண்டியும் அந்த வேலையை நம்பியே ஓடுகின்றன. அந்த வேலைக்கு ஒரு பெயரும் திகதியும் பொறுப்பும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. அடுத்த முறை வாகனத்தைக் கராஜில் விடும்போது, திறப்பைக் கொடுப்பதற்கு முன் ஒரு தாளையும் பேனையையும் கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.